கைமடி வேலைக்கு வந்தவள்

செப்டம்பர் 2, திங்கள்

இது போன வருடத்து டைரி. பட்டன் கடைக்காரர் தந்தது. அப்போது எனக்கு டைரி கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் பொருந்தவில்லை. அடித்து எழுதிக்கொள்கிறேன். வெற்றுத் தாளை வீணாக்க எனக்கு மனம் வராது.

இந்த லைன் வீட்டுக்கு வந்து முதல் மாதம் முடிகிறது. ஒரே அறை. அடுப்பும் அதற்குள்தான். திருப்பூரில் இப்படி ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள். ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற பவர்டேபிள் கம்பெனி நடத்தி, துணி கொடுத்துத் தைக்கச் சொன்னவன் பணம் தராமல் கைவிரித்து, கடனைக் கட்ட வழியில்லை என்று நான் கோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது ஊருக்கே தெரிந்த கதை. அதை இங்கே எழுதப்போவதில்லை. இனி வேலை தேட வேண்டும். அது மட்டும்தான்.

ரசம் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். அளவு இன்னும் கைக்கு வரவில்லை.

செப்டம்பர் 4, புதன்

என் வீட்டுக்காரர் காங்கேயத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். கொஞ்ச நாளைக்குத்தான். "நீ ஒரு வேலயப் புடிச்சுட்டுப் போன் பண்ணு வேணி, அடுத்த பஸ்ஸுல வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தங்கையின் வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் போனது. நகையைக் கொடுத்து உதவியவள். கடன் தந்தவர்களில் யாரையும் விடக் கூடாது, விட்டால் மனு நிற்காது என்று வக்கீல் சொன்னார். போஸ்ட்மேன் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாளாம். அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் எப்படிச் சோறு சாப்பிடுகிறார் என்று சில நேரம் யோசிப்பேன்.

இன்று ஃபோன் வரவில்லை. அங்கே டவர் சரியில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

காலேஜ் ரோட்டில் பழகிய கம்பெனி. முதலாளி வெளியே எழுந்து வந்தார். "வாங்க வாங்க வேணியம்மா" என்றார். ஏசி அறை, நாற்காலி, காபி. குடும்பம் எப்படி, உடம்பு எப்படி என்று எல்லாம் விசாரித்தார். செக்கிங்கில் ஏதாவது வேலை இருந்தால் என்று நான் ஆரம்பித்ததும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க்கா, உங்களப் போயி எப்புடிங்க வேல சொல்றது? நாங்க தப்புப் பண்ணுனா நீங்க சத்தம் போட்டவங்க."

கதவுவரை வந்து வழியனுப்பினார். இதுபோல இது மூன்றாவது இடம். காபி குடித்தே வயிறு நிறைந்துவிடுகிறது. ஒருத்தராவது என்னை நிற்கவைத்துப் பேசினால் வேலை கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

பெரிய எக்ஸ்போர்ட் ஃபேக்டரி. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கழுத்தில் அட்டை மாட்டிய பெண், என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். "முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்றாள். சொந்தக் கம்பெனி என்றேன். ஏன் மூடினீர்கள் என்றாள். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "சொல்லியனுப்பறோம்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எலாஸ்டிக் கடை நாச்சிமுத்து ஏறினார். என்னைப் பார்த்ததும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவருக்கு நான் தர வேண்டும், நியாயமாக நான்தான் இறங்கி ஓட வேண்டும். கைமாற்றுக் கேட்டுவிடுவேன் என்று பயந்திருப்பார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தலைவலி.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று கொஞ்சம் வேஷம் போட்டேன். வாட்சைக் கழற்றினேன். வெளுத்த சேலை, ஒயர் கூடையில் டிபன் பாக்ஸ், தலையில் எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய கொண்டை. மங்கலம் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்து. கேட்டில் "டெய்லர், கைமடி தேவை" என்று அட்டை தொங்கியது.

முதலாளி நவநீதன், முப்பது வயதுகூட இருக்காது. காதில் பென்சிலோடு கட்டிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பேரு?"

"கிருஷ்ணவேணிங்க."

ஆதாரில் அதுதான் இருக்கிறது. ஊருக்கு நான் வேணியம்மா. இதில் பொய் ஒன்றும் இல்லை.

"என்ன வேல தெரியும்?"

"கைமடி பாக்கறனுங்க."

"நாளைக்கி எட்டரைக்கு வந்துருங்க." அவ்வளவுதான். நாற்காலியும் இல்லை, காபியும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சந்து முனைவரை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

உடனே வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். "கைமடியா?" என்றார். பிறகு, "சரி வேணி. புரட்டாசி கழியட்டும், வர்றேன்" என்றார்.

புரட்டாசி பிறக்கவே இன்னும் சில நாள் இருக்கிறது. பரவாயில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை மடித்து நீட்டுவது, தைத்து வந்ததை வாங்கிப் பிசிறு வெட்டி அடுக்குவது. நான் பாவாடை தாவணியில் செய்த வேலை. கை மறக்கவில்லை. இடுப்புதான் மறந்துவிட்டது.

என் டெய்லர் செல்வராணி, உசிலம்பட்டிப் பக்கம். வாய் ஓயாது. "என்னக்கா இம்புட்டு வேகமா நீட்டுறீக? எனக்கு மூச்சு வாங்குதுல்ல" என்றாள். கொஞ்சம் மெதுவாக நீட்டினேன். வேகத்தை ஒளிப்பது பொய்யில் சேருமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பக்கத்து அறை ஒடிசாப் பெண்ணுக்குக் குழம்பு கொடுத்தேன். மீந்தது என்று எழுதத் தேவையில்லை. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை வராது. இந்த லைனில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். பாஷை தெரிந்திருந்தால் என் கதையை யாராவது சொல்லியிருப்பார்கள், அவளும் நிறுத்தியிருப்பாள்.

செப்டம்பர் 23, திங்கள்

சனிக்கிழமை கொடுக்க வேண்டிய சம்பளத்தை நவநீதன் இன்று கொடுத்தார். பேங்கில் சர்வர் வேலை செய்யவில்லையாம்.

எனக்கென்ன. நான் கைமடி.

செப்டம்பர் 27, வெள்ளி

நூல் கோன் பெட்டியாக வருவதில்லை. தேவைக்கு ஒவ்வொன்றாகப் பையன் வண்டியில் வாங்கி வருகிறான். நவநீதன் பைக்கை முன்வாசலில் நிறுத்துவதை விட்டுவிட்டார், பின்சந்தில் நிற்கிறது. ஃபோன் அடித்தால் திரையைப் பார்க்கிறார், டேபிளில் குப்புறக் கவிழ்த்து வைக்கிறார்.

"சின்ன மொதலாளிக்கு என்னமோ கெரகம் சரியில்லக்கா" என்றாள் செல்வராணி. கிரகத்துக்கும் அவருக்கும் சண்டை இல்லை, கடன்காரருக்கு ஒளிகிற ஆளை எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலையை நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 3, வியாழன்

ஒரு ஓவர்லாக் மெஷின் காலையிலிருந்து டக்டக்கென்று தட்டியது. மெக்கானிக் வந்து பிரித்துப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். எங்கள் கம்பெனியில் என் வீட்டுக்காரர்தான் மெக்கானிக். பிரிக்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மெஷின் அருகில் நிற்பார், சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு ஃபோன் செய்தேன், இதைக் கேட்கலாம் என்றுதான். மணி அடித்து நின்றது. சாப்பாட்டு நேரமாக இருக்கும்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. எல்லோரும் மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். செல்வராணி தன் மெஷினுக்குச் சாமந்தி மாலையே கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "புருசனுக்குப் போட்டதவிட இது பெருசுக்கா" என்று காட்டினாள். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பூஜை. நவநீதனின் மனைவி தாரணி பட்டுச் சேலையில் வந்திருந்தாள். நல்ல களையான பெண். பொரி, கடலை, சுண்டல், வாழையிலை, உடைக்கிற பூசணிக்காய் எல்லாம் தயார். நாச்சிமுத்துவும் வந்து ஓரமாக நின்றார். இந்தக் கம்பெனிக்கும் அவர்தான் எலாஸ்டிக் போடுகிறார் போல. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

தட்டில் கற்பூரம் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நவநீதனுக்கு ஃபோன். திரையைப் பார்த்தார், முகம் வெளுத்தது, வெளியே போய்விட்டார். தாரணி பின்னாலேயே போனாள். எல்லோரும் நிற்கிறோம். மணி பத்தே காலைத் தாண்டுகிறது. "நேரமாச்சுங்களே" என்றார்கள் யாரோ.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை. பதினாறு வருடப் பழக்கம் செய்தது. கை தட்டை எடுத்தது, கற்பூரத்தைக் கொளுத்தியது, இடது கை மணியடித்தது. முதலில் சாமி படம், அப்புறம் கட்டிங் டேபிள், அப்புறம் வரிசையாக மெஷின்கள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பாட்டுக்குத் திரும்பிப் பொரிப் பையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, "ஊருக்குப் போயிட்டுப் பத்தரமா வந்துரோணும். நோம்பி முடிஞ்சதும் நேரமா வந்துரு கண்ணு" என்றேன். செல்வராணி கையில் கொடுக்கும்போதுதான் அவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் தாரணி.

"நீங்க யாருங்க்கா?"

நான் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்து சொல்லிவிட்டார். "இவங்க ராயபுரத்துல கம்பெனி வச்சிருந்த வேணியம்மால்லங்க? மஞ்ச நோட்டீஸ் குடுத்தாங்களே."

சுண்டல் வாசம்கூட நின்றுவிட்டதுபோல இருந்தது. தாரணி சத்தம் போடவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. "மஞ்ச நோட்டீஸ் குடுத்த கைங்க. அந்தக் கையால எங்க மெஷினுக்குக் கற்பூரம் காட்டிட்டீங்களே. இருக்கற நெலமைல..." என்றாள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு மெஷினாகத் துடைத்தாள். சந்தனம் குங்குமம் திரும்ப வைத்தாள். ராகுகாலம் பிறந்துவிட்டது, ஆனாலும் மறுபடி கற்பூரம் காட்டினாள். நான் வைத்த தட்டைத் தொடாமல் வேறு தட்டில்.

நவநீதன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "லீவு முடிஞ்சு சொல்லியனுப்பறனுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 14, திங்கள்

சொல்லியனுப்பவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஐப்பசி பிறந்துவிட்டது. புரட்டாசி கழியட்டும் என்று சொன்னவருக்கு ஃபோன் போட்டேன். இந்த முறை எடுத்தார். வேலை போய்விட்டது என்று சொல்லவில்லை. நன்றாகப் போகிறது என்றேன். "தீவாளிக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். அங்கேயே இருக்கச் சொல்லித் தங்கை வீட்டுக்காரர் வற்புறுத்துகிறார் என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

மூன்று கம்பெனி ஏறி இறங்கினேன். தீபாவளிக்கு முன்னால் யாரும் புது ஆள் எடுப்பதில்லை என்று எனக்கே தெரியும். நானும் எடுத்ததில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால் போனேன்.

அக்டோபர் 28, திங்கள்

பழைய பஸ் ஸ்டாண்டில் செல்வராணி, இரண்டு கையிலும் பை. என்னைப் பார்த்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எக்கா, மொதலாளியம்மாவ வச்சா நான் வெரசா நீட்டு, மெதுவா நீட்டுன்னு அதட்டிக்கிட்டு இருந்தேன்? சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லியிருந்தா நீ அதட்டியிருப்பயா?"

"மாட்டேன்ல" என்று சிரித்தாள். போனஸ் அரைகுறையாகத்தான் வந்ததாம். பொங்கல்வரை ஊரிலேயே இருந்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறாளாம். போகும்போது என் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள். அவள் அதட்டியது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல நினைத்தேன். அடுத்த பஸ் வந்து, அவள் ஏறிப் போய்விட்டாள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

லைன் முழுக்கப் பூட்டு. ஒடிசாப் பெண்ணும் ஊருக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசை இல்லை. எனக்கு மட்டும் ஒரு குழாய்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். யாரோ வாசலில் வருவதுபோலத் தோன்றி இரண்டு தடவை கதவைத் திறந்தேன். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று யாராவது கேட்டால் சொல்வேன். பழகவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். நவநீதன். ஆதார் நகலுக்குப் பின்னால் நான் எழுதிக் கொடுத்த இந்த விலாசத்தைப் பார்த்திருக்கிறார். முகச்சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். உட்காரச் சொன்னேன். நாற்காலி இல்லை, பாயில் உட்கார்ந்தார். இரண்டாவது டம்ளர், நான் இங்கே வந்த நாளிலிருந்து கவிழ்த்தே கிடந்தது. கழுவி டீ ஊற்றினேன்.

டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா... மஞ்ச நோட்டீஸ் குடுத்தா என்னங்க ஆகும்?"

உள்ளதை எழுதிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு ஆள் கிடைத்தது என்ற சந்தோஷம். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் வந்தது. பிறகு அந்தக் கை டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன்.

"கோர்ட்டுல ஒண்ணுமே ஆகாதுங் தம்பி. வாய்தா, வாய்தான்னு போயிட்டிருக்கும். ஊட்டுக்கு யாரும் வரமாட்டாங்க. நீங்க போற எடத்துல காபி குடுப்பாங்க, வேல குடுக்க மாட்டாங்க. அவ்வளவுதானுங்."

தலையை ஆட்டினார். எல்லாம் இன்னும் முழுகவில்லை என்றார். ஒரு ஆர்டர் பாதியில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை சரக்கை ஏற்றிவிட்டால் மூச்சு விடலாம். ஆட்கள் ஊரிலிருந்து திரும்பவில்லை.

"நான் ஓவர்லாக் ஓட்டிருவனுங்க. ஃபிளாட்லாக் மெஷினுக்குத்தான் ஆளில்ல. நீங்க தைப்பீங்கன்னு செல்வராணி போன்ல சொல்லுச்சு."

"எப்புடித் தெரியுமாம்?"

"பீஸ் நீட்டுற தினுசுலயே தெரியுமாம்."

வேலை. வாசல் தேடி வந்த வேலை. வாயில் சரி என்ற சொல் வந்துவிட்டது, விழுங்கினேன்.

"தாரணிக்குத் தெரியுமுங்களா?"

"நான் இங்க வந்ததா?"

"எல்லாமே."

டம்ளரைக் கீழே வைத்தார். தன் தகப்பனார் வீட்டிலிருந்து பணம் வாங்கித் தந்தவள் அவள்தானாம். எப்படிச் சொல்வது என்றார்.

"நோட்டீஸ் வந்து தெரிஞ்சா அதவிடக் கஷ்டமுங் தம்பி. இன்னிக்கே சொல்லீருங்க. சொன்னீங்கன்னா நாளைக்கி வர்றேன். சொல்லலீன்னா நான் வர்லீங்க."

அவர் போய்விட்டார். என்ன திமிர் எனக்கு? அரிசி டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேலைக்கு நிபந்தனை போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

ஆறு மணிக்கே டிபன் கட்டிவிட்டேன். கட்டியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டு ஆனது. எட்டரை ஆனது. ஒன்பதுக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடலாம் என்று எழுந்தபோது ஸ்கூட்டர் சத்தம்.

தாரணி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. வாசலிலேயே நின்றாள்.

"அவரு எல்லாத்தையுஞ் சொல்லிட்டாருங்க."

"உள்ள வா கண்ணு. காபி குடிக்கறயா?"

"வேண்டாங்க. நேரமாச்சு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கி மெஷினத் தொடச்சது..." என்றாள்.

"மெஷின் தொடைக்கறது நல்லதுதான். தூசி போகும். வண்டிய எடு."

நவநீதன் ஓவர்லாக்கில் உட்கார்ந்தார், நான் ஃபிளாட்லாக்கில். எனக்குக் கைமடி தாரணி. பீஸை எந்தப் பக்கம் மடிப்பது என்றுகூடத் தெரியவில்லை பாவம். "ஓரத்தப் புடிச்சு நீட்டு. என்ற கையில வையி, மேசைல வீசாத" என்று அதட்டினேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் "சரிங்க்கா" என்று என் கையில் வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டே இருந்தாள், பொழுது சாயும்வரை.

டீ நேரத்தில் ஃபோனைப் பார்த்தேன். காங்கேயத்திலிருந்து அவர் கூப்பிட்டிருக்கிறார். அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. திரும்பக் கூப்பிட்டேன். நவநீதன் டீக்குக்கூட எழவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"தீவாளிக்கு வர முடியல வேணி" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். "என்ன சத்தம் அது?"

"மெஷினுங்க."

ஃபோனை மெஷின் பக்கம் கொஞ்சம் நீட்டிப் பிடித்தேன். அங்கே அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஓவர்லாக்கு. எண்ணெ பத்தல" என்றார். "கீழ லூப்பருகிட்ட ரெண்டு சொட்டு உடச் சொல்லு."

"சரிங்க."

எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் போய் எண்ணெய் விட்டேன். சத்தம் அடங்கி, மெஷின் சீராக ஓடியது.